தேதித் தாளில் ஒரு காலிக் கட்டம்

ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நாங்கள் சில தொண்டூழியர்கள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வீடு மாறுகிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள் கொடுக்கும் புத்தகங்கள் அவை. தரம் பிரித்து, வாடகை வீடுகளில் வசிக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டு போவோம்.

பெட்டியைத் திறந்ததும் ஈரக் காற்று ஏறிய காகித வாசனை வரும். பிறகு பாதி விடை எழுதிய பயிற்சி நூல்கள், ராமபாணம் அரித்த கலைக்களஞ்சியத்தின் ஒற்றைத் தொகுதி. தமிழில் சிறுவர் நூல் பெட்டிக்கு ஒன்று கிடைத்தால் அதிகம்.

அன்று ஒன்று கிடைத்தது. பழுப்புக் காலிகோ துணி ஒட்டி, புதிதாகத் தைத்துக் கட்டிய தெனாலிராமன் கதைகள். முதல் பக்கத்தில் ஊதா முத்திரை. ஊரும் தெருவும் அழிந்து, ‘தமிழ்ப் பாடசாலை நூலகம்’ என்பது மட்டும் மிச்சம் இருந்தது. பின்னட்டையில் ஒரு தேதித் தாள். அதில் பதினேழு தேதிகள். கடைசித் தேதி ஜூலை 1974. அதற்குக் கீழே கட்டங்கள் காலி.

அந்தக் காலிக் கட்டங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புத்தகமில்லாத பிள்ளையின் கையில் புத்தகத்தைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் எங்கே தொடங்கியது? தேட ஆரம்பித்தேன்.

தேதிகள் ஏன் நின்றன என்பதற்குப் பதில் எளிதாகக் கிடைத்தது. வேலைவாய்ப்பு ஆங்கிலத்தின் பக்கம் போனது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளிதான் கடைசி வரை தாக்குப்பிடித்தது. 1982இல் அதுவும் மூடியது. பள்ளி மூடினால் அலமாரியில் இருந்தவை யார் யார் வீட்டுக்கோ போய்விடும். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் அட்டைப் பெட்டியில் திரும்பி வரும்.

தொடக்கத்தைத் தேடிப் போனபோது நான் எதிர்பாராத ஒருவரிடம் போய் நின்றேன். 1953இல் ஒரு தேசிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி கொடுத்தவர் லீ கொங் சியான். ரப்பர், அன்னாசித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். பணத்தோடு அவர் நிபந்தனையும் வைத்தார்: நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளிலும் நூல்கள் இருக்க வேண்டும். 1957இல் அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தச் செங்கல் கட்டடம் திறந்தது.

அவருடைய பால்யத்தைப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். சீனாவின் ஃபூஜியனிலிருந்து 1903இல் பத்து வயதில் சிங்கப்பூர் வந்த அந்தச் சிறுவன், வார நாட்களில் படித்தது ஓர் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளியில். சீனம் படித்தது வார இறுதியில், வேறொரு பள்ளியில். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று, பக்கத்துப் பலகைப் பிள்ளைகளின் வாயில் வேறொன்று. அப்படி வளர்ந்தவர், பொது நூலகத்தில் எல்லா மொழிக்கும் இடம் கேட்டதை வள்ளல் குணம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. எந்தப் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நம்புகிறேன்.

அந்த நூலகம் எழுந்த அதே காலத்தில் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் உருவான இந்தியவியல் துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். தொழிலாளிகளும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைக்கூட மிதிக்க வாய்ப்பில்லாதவர்கள், யார் வீட்டுப் பிள்ளையோ அங்கே படிக்கட்டும் என்று கொடுத்த வெள்ளி அது. அந்த ஒரு வெள்ளி இன்னும் ஓயவில்லை. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் கல்விப் பணிக்கு, குறைந்த சம்பளம் வாங்கும் இந்தியரும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்.

சாரங்கபாணியின் ஊர் திருவாரூர். அந்த வட்டாரத்து மன்னார்குடிக்குப் பக்கத்தில், மேலவாசலில், 1931 அக்டோபரில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் வாசகர் வீட்டு வாசலுக்கே போனது அந்த வண்டி. சிங்கப்பூரிலும் 1960இல் நடமாடும் நூலகம் புறப்பட்டது. 2008இல் வந்த ‘மோலி’ பேருந்து அதன் பேத்தி.

இத்தனையும் படித்த பிறகு என் சனிக்கிழமை வேலை மாறிவிட்டது. முன்பு எத்தனை பெட்டி வந்தது என்று எண்ணுவேன். இப்போது எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்கிறேன். பாதி விடை எழுதிய நூலை யாருக்கும் கொடுப்பதில்லை. வீட்டில் இடம் இல்லாமல் தள்ளிவிடும் பொருளை ஏழைப் பிள்ளைக்குத் தானம் என்று நீட்டுவது, அந்த ஒரு வெள்ளிக்குச் செய்யும் அவமரியாதை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஓடியும் வருவதில்லை. தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில் தொண்டூழியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். நாங்களும் அப்படியே உட்காருகிறோம். தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும்.

காலிகோ அட்டைப் புத்தகத்தைத் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு சிறுமி எடுத்தாள். கதையைப் பார்க்காமல் நேராகப் பின்னட்டைக்குப் போனாள்.

“ஆண்ட்டி, இதெல்லாம் என்ன தேதி?”

“முன்னாடி படிச்ச பிள்ளைங்க திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதிம்மா.”

விரல் வைத்து எண்ணினாள். “பதினேழு பேரா? நான் எப்பத் திருப்பித் தரணும்?”

“தர வேண்டாம். உனக்குத்தான்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பாலர் பள்ளிக்குக்கூட இன்னும் போகாத தம்பி அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் எப்போது தொடக்கநிலை ஒன்றுக்குப் போவான் என்று அம்மாவைக் கேட்டாள். பிறகு என்னிடம் பேனா வாங்கி, 1974க்குக் கீழே இருந்த கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: 2029.

“அப்ப இவன்கிட்டக் கொடுத்துடறேன்.”

முத்திரையில் ஊரின் பெயர் அழிந்திருந்தது. கட்டத்தில் மை இன்னும் காயவில்லை.