முதலில் சீட்டை முன்னால் இழுங்கள்

"எந்தத் தெரு?" என்று கேட்டார் வாடகைக் கார் ஓட்டுநர். காலனி என்றோம். "அப்ப இங்கேயே இறங்கிக்குங்க மேடம், உள்ளே வண்டி திருப்ப இடமிருக்காது" என்றார். இடம் இருந்தது. தண்ணீர் லாரி தினமும் திரும்புகிற இடம். பிரசவமாகி மருத்துவமனையிலிருந்து வந்த பெண்ணையும் குழந்தையையும் ஊர் முனையில் இறக்கி, இருட்டில் மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். களப்பணியில் இருக்கும் நாங்கள் மூன்று பெண்களும் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று அன்றிரவே முடிவெடுத்தோம்.

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பழைய மாருதி 800 ஒன்று வாங்கினோம். எல்.எல்.ஆர். எடுத்தோம். அது 6 மாதம் செல்லும்; 30 நாள் கழிந்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். அதற்குள் பழகிவிடலாம் என்று நினைத்தோம்.

பயிற்சிப் பள்ளி வண்டி முதல் வாரம் முழுக்க எங்களிடம் அணைந்துகொண்டே இருந்தது. "கிளட்ச்சை முழுசா மிதிங்க. லேடீஸுன்னாலே இதான் பிரச்சினை" என்றார் பயிற்றுநர். நாங்கள் மூவருமே குள்ளம். கால் விரல் நுனிதான் கிளட்ச்சுக்கு எட்டியது. நுனிக்காலில் மிதித்ததை மெல்ல விட எப்படி முடியும்? ஆனாலும் எங்களுக்குத்தான் வண்டி வரவில்லை என்று நம்பினோம். சமூகவியல் முதுகலை படித்தும் நம்பினோம்.

டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவன் எங்கள் வண்டியில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, முதல்ல சீட்டை முன்னால இழுங்க" என்றான். சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி இழுத்தோம். கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். உள்கண்ணாடியில் பின்கண்ணாடி முழுதாகவும், பக்கக் கண்ணாடியில் நம் வண்டியின் ஓரம் ஒரு கீற்றாகவும் தெரிய வேண்டும். அன்று மாலையே ஹாஃப் கிளட்ச் பிடிபட்டது. இன்ஜின் சத்தம் தணிந்து வண்டி லேசாகத் துடிக்கும் இடத்தில் காலை நிறுத்தி, பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டோம். மேட்டில் வண்டி பின்னால் உருளவில்லை.

இந்த நாட்களில் அம்பேத்கர் எழுதிய சாலிஸ்காவ் சம்பவம் எங்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. 1929 அக்டோபர் 23 அன்று தூலியாவிலிருந்து திரும்பும் வழியில் அவர் அங்கே இறங்கினார். அவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. விருந்தாளியை நடக்கவைப்பது மானக்கேடு என்று நினைத்த நம் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, தங்களில் ஒருவரை ஓட்டவைத்தார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. ஆற்றுப் பாலத்தில் ஓரக் கல்லில் சக்கரம் மோதியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது.

அந்த மனிதரை நாம் குறை சொல்ல முடியாது. கடிவாளத்தை அவர் கையில் அதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஆனால் மானத்துக்காக வண்டியை எடுக்கிறவர்கள் அதை ஓட்டவும் பழகியிருக்க வேண்டும். நம் வண்டியில் ஏறுகிறவர்கள் கைக்குழந்தைக்காரிகள், அடிபட்டவர்கள், சாட்சி சொல்லப் போகிறவர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு அரைகுறையாக ஓட்டக் கூடாது.

அதனால் யார் ஓட்ட உட்கார்ந்தாலும் முதலில் சீட், அப்புறம் கண்ணாடி, அப்புறம் பெல்ட் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அவசரமாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தை விடுவதில்லை. ஒருவருக்கு வைத்த சீட் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதில் எங்களுக்குள் சண்டையும் இல்லை.

லைசென்ஸ் கையில் கிடைத்த வாரம் அதே ஊருக்குப் போனோம். டீக்கடை முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, "டிரைவர் வரலையாம்மா?" என்றார். "நாங்கதாங்க ஐயா" என்றோம். காலனிக்குள் போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். தடுப்பூசி நாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

தண்ணீர் லாரி திரும்பும் இடத்தில் மாருதியைத் திருப்ப, நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. பழகிவிடும்.