கிண்டியில் ஒரு காலை

ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத்தால் பேர்பெற்ற கிண்டிக்கு, நாம் சென்றது 1899-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட கிங் நிலையத்தைக் காண. சென்னை மாகாணத்தில் சுகாதாரக் கமிஷனராயிருந்த கர்னல் கிங்கின் பெயரே அதற்கு வழங்குகிறது. கன்றுகளின் தோலில் அம்மைப் பால் வளர்த்து, ஜில்லாதோறும் அனுப்பிய இடம் இதுவே.

வைசூரி பரவிய நாளில் நம் முன்னோருக்கு வேப்பிலையும் மாரியம்மனுமே துணை. அம்மை குத்துவோரைக் கண்டு குழந்தையை ஒளித்து வைத்த தாய்மாரும் உண்டு. ஆயினும் அவர்கள் சளையாமல் வீடு வீடாய்ச் சென்றார்கள். 1975-ல் பாரத நாட்டின் கடைசி வைசூரி நோயாளி காணப்பட்டார். 1980-ல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது.

இன்று நம் பிள்ளைகளின் முகத்தில் அம்மைத் தழும்பில்லை. தழும்பையே கண்டறியாத தலைமுறை, மற்ற நோய்களுக்குரிய தடுப்பூசியையும் அலட்சியம் செய்யத் துணியலாம். வீட்டிலுள்ள பெரியோர் பழைய கதையை எடுத்துச் சொல்லுதல் கடமையாகும்.