காற்று திரும்பும் நேரம்

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளின் கையில் நான் முதலில் கொடுப்பது அம்மோனியா பாட்டில். குளோரின் கசிவைத் தேட அதைவிட எளிய சாமான் இல்லை. லேசாக அமுக்கினால் ஆவி வரும். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை கட்டும். அமுக்குவதுதான் வேலை என்று நினைத்தால் தப்பு. எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஃபோர்மேன், மாட்டின் கழுத்தில் உண்ணி தேடுகிறவரைப் போல, கேஸ்கட் விளிம்பில் விரல் விரலாக நகர்வார். அம்மோனியா ஒரு சொட்டு வால்வில் பட்டால் என் கையைத் தட்டிவிடுவார். ஆவி போதும், தண்ணி பட்டால் பித்தளையைத் தின்றுவிடும் என்பார்.

டன்னரையும் அவரே கற்றுக்கொடுத்தார். 900 கிலோ குளோரின் பிடிக்கும் பெரிய சிலிண்டர், இரண்டு வால்வு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். கீழே கசிந்தால் முதலில் டன்னரை உருட்டிக் கசிவை மேலே கொண்டுவா, அப்புறம் கசிவை அடைக்கும் கிட்டை மாட்டு. ஒரு லிட்டர் திரவம் 450 லிட்டருக்கு மேல் வாயுவாக விரிந்துவிடும். பதறிப்போய்க் கசிவின்மேல் தண்ணீர் அடித்தால் இரும்பு அரித்து ஓட்டை பெரிதாகும். இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது.

அவர் சொன்ன இன்னொன்றை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். "மூக்கை நம்பாதே" என்பார். கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு பழகிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பாய், போயிருக்காது.

ஆலைக்குக் கிழக்கே மீனவர் குப்பம், அதற்கப்பால் கடல். ஒருநாள் நைட் ஷிப்டில் குப்பத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கண் எரிகிறது, பிள்ளை இருமுகிறான் என்றார். நான் பேனலைப் பார்த்தேன். சென்சர் எல்லாம் பூஜ்யம். "எங்க பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்று வைத்துவிட்டேன். காலையில் அவர் கேட்டுக்கு வந்தார், கையில் ஒரு முருங்கைக் கொப்பு. இலையெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

ஃபோர்மேன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பருக்குப் போனார். காஸ்டிக் செத்துப்போயிருந்தது, பிடிக்க வேண்டிய குளோரின் வென்ட் வழியாக நழுவியிருக்கிறது. என் சென்சர்கள் டன்னர் ஷெட்டில் கீழே இருந்தன. மேலே போனது அவற்றுக்கு எப்படித் தெரியும்? "அவங்க மூக்கு புதுசு. உன் மூக்குதான் பழசு" என்றார். அன்றைக்கே அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். பிள்ளை தேறியிருந்தான். ஒரு வாரம் தினமும் போனேன். அந்த அம்மா நான்காம் நாள்தான் உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு குப்பத்தின் வலைக் கொட்டகையில் ஒரு நோட்டு தொங்கவிட்டோம். நாற்றம் வந்தால் நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, எதைப்போல நாற்றம் என்று அவர்கள் எழுதுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் அன்றைக்குள் நான் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமத்தார் 2004இல் வாளிக்குள் பையை வைத்துக் காற்று மாதிரி எடுத்து, அடித்த நாற்றத்தையெல்லாம் தேதியோடு குறித்துவைத்தவர்கள். தொழிற்சாலைக்காரர்கள் பலருக்கு அது கசந்தது. எனக்கு அவர்கள் ஆசான்கள். பிளீச்சிங் பவுடர் நாற்றமா, அழுகிய முட்டை நாற்றமா என்று பிரித்து எழுதினாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதும் அப்படித்தான். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். பாட்டிலை ஊர்ப் பெண்களே பிடிப்பார்கள். இரண்டு பாட்டில், இரண்டு சீல். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு.

ஊரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இல்லாமல் இல்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த 1989 விதிகள், ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுவட்டாரத்துக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்கின்றன. 1996 விதிகள் உள்ளூர் நெருக்கடிக் குழுவில் ஊர்த் தலைவருக்கும் நாற்காலி போட்டன. நாற்காலி போட்டதும் பேச்சு வந்துவிடுவதில்லை. எங்கள் முதல் மாக் டிரில்லில் பகல் 11 மணிக்குச் சைரன் ஊதினோம், ஒருவரும் வெளியே வரவில்லை. "ஷிப்டுக்கும் இதே சங்குதானே ஊதுறீங்க?" என்று ஒரு பெண் கேட்டார். அன்றோடு ஷிப்ட் சங்கை நிறுத்தினோம். ஏறி இறங்கினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் தீர்ந்தது. இப்போது குப்பத்துக் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

பெரிய பாடம் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. எங்கள் வரைபடத்தில் வாயு மேற்கே வயல்பக்கம் போவதாகப் போட்டிருந்தோம். பகலில் அடிப்பது கடல்காற்று, கணக்கு சரி. அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடுராத்திரி தாண்டுனா கரைக்காத்து தம்பி. அத வெச்சுத்தான் எங்கப்பன் பாய் விரிச்சுக் கடலுக்குப் போவாரு. உங்க கேஸும் எங்க வீட்டு வழியாத்தான் கடலுக்குப் போவும்." முருங்கை இலை ராத்திரியில் வெளுத்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. விசாகப்பட்டினத்தில் வாயு கசிந்தது 2020 மே 7 அதிகாலை. இரண்டு ஊரும் தூங்கிக்கொண்டிருந்தன. நாங்களோ பகலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பின் வருடத்துக்கு ஒரு டிரில் அதிகாலை 3 மணிக்கு. சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான். ஈரத் துண்டால் மூக்கை மூடு. காற்றோடு ஓடாதே, காற்றுக்குக் குறுக்கே நட. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுக்குப் போ, முடியாவிட்டால் கதவு இடுக்கில் ஈரச் சேலையை அடைத்து மாடியில் இரு. நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில், யார் தூக்குவது என்ற பட்டியலை ஊரார்தான் எழுதினார்கள். அதை என்னால் எழுதியிருக்க முடியாது.

ஒருநாள் இரவு 11 மணிக்கு லைனில் ஒரு ஃபிளாஞ்ச் கசிந்தது. ஆட்களை உள்ளே அனுப்பிய கையோடு பெரியவருக்கு போன் போட்டேன். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "காத்து இன்னும் திரும்பல தம்பி. ஒரு மணி நேரம் இருக்கு. கட்டிருவியா?" என்றார். நோயாளிகளை மட்டும் முன்னெச்சரிக்கையாக வடக்கே அனுப்பச் சொன்னேன். லைனை அடைத்து, போல்ட்டை இறுக்கி, அம்மோனியா பாட்டிலை ஃபிளாஞ்சைச் சுற்றி இரண்டு தரம் கொண்டுபோனோம். புகை கட்டவில்லை. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் அவர் போனை வைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து, பீடிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.