ஏரி இருந்தால் வளைவு இருக்கும்

மேற்குத் தாம்பரத்துக்கு நாங்கள் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் பைக்கை ரசித்து ஓட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு பஸ்களுக்கு நடுவே கிளட்சைப் பிடித்துக்கொண்டு நகர்வதை ஓட்டுவது என்று எப்படிச் சொல்வது?

மகனுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்தது. மறுவாரமே கேட்டான்: "அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல பசங்களோட ஈ.சி.ஆர். போயிட்டு வரட்டுமா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடிகாலை ஈ.சி.ஆரில் பையன்கள் எப்படிப் பறக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கூடாது என்றால் சொல்லாமல் போவான். அந்த வயதில் நானும் அப்படித்தான். "முதல்ல ஒரு மாசம் என்கூட வா. நீ ஓட்டு, நான் பின்னாடி உட்கார்றேன்" என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பற்றி எழுத வேண்டாம்.

வாக்குக் கொடுத்தாயிற்று, ரோடு வேண்டுமே! ராத்திரி போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. நீலம் இருக்கும் இடத்தில் ரோடு வளைகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய ஊர்ப்பாதைகள் எல்லாம் ஏரிக்கரையை ஒட்டி, வயல் வரப்பைச் சுற்றி, கோயிலைத் தொட்டுப் போனவை. பிறகு தார் போட்டபோதும் வளைவு அப்படியே தங்கிவிட்டது. பச்சை தெரியும் இடங்கள் காப்புக்காடு. அங்கே யாரும் பிளாட் போட முடியாது.

முதல் ஞாயிறு முடிச்சூர் வழியாக மணிமங்கலம். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் அதுவும் ஒன்று என்றேன். "இங்கயா?" என்று டீக்கடையைப் பார்த்தான். பெரிய ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதன் பக்கமாகப் போனால், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும், ஈர மண் வாசனை.

ஆனால் எனக்குப் பிடித்தது திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் ரோடு. சுமார் 25 கிலோமீட்டர். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுக்குமாடி விளம்பரப் பலகைகளைப் பார்த்தே அலுத்துவிடும். திருப்போரூர் முருகன் கோயிலைத் தாண்டி மேற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் குன்றுகள் வரும், காடு வரும். ரோடு மெல்ல ஏறி இறங்கும். காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். அப்புறம் டிப்பர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அங்கேதான் அவனுக்கு வளைவு பழக்கினேன். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போய் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிர்ந்து நேரே ஓடப் பார்க்கும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் நேர்ரோட்டில் நூறைத் தொட்டாலும் வராது. தை மாதத்தில் இன்னொரு பாடமும் உண்டு: திருப்பத்தில் ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதில் சக்கரம் ஏறினால் வழுக்கும், காயவைத்த அம்மாவிடம் திட்டும் கிடைக்கும். இரண்டுமே நியாயம்தான்.

நாலாவது வாரம் ஒரு வளைவில் ஆட்டு மந்தை நின்றது. நான் வாயைத் திறக்குமுன் அவன் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் நிறுத்தி, காலை ஊன்றியிருந்தான். பின்சீட்டில் அவன் தோளைப் பிடித்திருந்த என் கையை அப்போதுதான் எடுத்தேன்.

செங்கல்பட்டு வந்ததும் கொளவாய் ஏரி ஓரம் டீ. அங்கிருந்து வீட்டுக்கு மறுபடி ஜி.எஸ்.டி. ரோடு, வேறு வழியில்லை.

ஈ.சி.ஆர். பேச்சு இன்னும் ஓயவில்லை. போன வாரமும் கேட்டான். நண்பர்களோடு திருப்போரூர் போய், செங்கல்பட்டு வழியாகத் திரும்புவது என்று இப்போதைக்கு ஒப்பந்தம். ஒன்பது மணிக்குள் செங்கல்பட்டிலிருந்து போன் செய்ய வேண்டும். அவன் அம்மா எட்டரைக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.