சுவருக்குள் இருக்கிறது வேலை

சமையலறைக் குழாயை மாற்றுவது பத்து நிமிட வேலை, அதற்கு இவ்வளவு கூலியா என்ற பேச்சு சென்னையின் பழைய அடுக்ககங்களில் பிளம்பர் வந்துபோகும் வீடுகளிலெல்லாம் கேட்கிறது. மாம்பலம், மயிலாப்பூர்ப் பக்கம் இந்த வேலை நடக்கும் இடங்களில் நின்று கவனித்ததில், அந்தக் கூலியில் பெரும்பங்கு சுவருக்குள் புதைந்திருக்கும் எல்போ என்ற வளைவு இணைப்புக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

மரையெல்லாம் ஒரே அளவுதானே, கழற்றி மாட்டினால் போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகை மரையின் வழிவந்ததுதான் நம் வீட்டு அரை இஞ்ச் மரையும். இஞ்சுக்கு 14 புரி, வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். நேற்று வாங்கிய குழாய் தாத்தா காலத்து எல்போவில் ஏறுவது அதனால்தான். ஏறினால் போதுமா, பழைய மரை தாங்க வேண்டாமா? ஜி.ஐ. இரும்புப் பைப்பில் மரை வெட்டும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, கனமும் குறைகிறது. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சுவருக்குள் இருக்கும் எல்போவை இன்னொரு ரிஞ்சால் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. அவசரப்பட்டுத் திருகினால் எல்போவில் ஏறியிருக்கும் பழைய நிப்பிள், அதாவது மரை வெட்டிய குட்டைப் பைப், முறிந்து, துண்டு உள்ளேயே நின்றுவிடும். ஆக்சா பிளேடை வெறும் கையில் பிடித்து, எல்போ மரையில் கீறல் விழாமல் அந்தத் துண்டை மட்டும் நீளவாக்கில் அறுத்து, உள்பக்கமாக நெளித்து எடுக்கிறார்கள். பத்து நிமிடக் கணக்கு அங்கேயே தீர்ந்துபோகும்.

அடுத்தது டெஃப்லான் டேப். குழாயின் மரை முனையை முகத்துக்கு நேரே வைத்துக் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே வரும். இது யாருக்கும் சொல்லித் தரக்கூடியது. எத்தனை சுற்று என்பதுதான் கைப்பழக்கம். மரை இறுகும் இடமும், குழாய் நேராக நிமிர்ந்து நிற்கும் இடமும் ஒன்றாக அமைய வேண்டும். சுற்று குறைந்தால் குழாய் நேராக நிற்கும்போது பிடிப்பு இருக்காது. கூடினால் பாதியிலேயே இறுகிக் கோணலாக நிற்கும். கொஞ்சம் தாண்டிப்போனதைப் பின்னுக்குத் திருப்பி நேராக்குவது அசல் அரைகுறை வேலை. சணலும் பெயின்டும் வைத்த காலத்தில் சணல் நனைந்து ஊதி அந்தத் தவறை ஓரளவு மூடிவிடும். டெஃப்லான் அப்படி மன்னிப்பதில்லை. கழற்றிப் புதிதாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். தேர்ந்தவர்கள் டேப் சுற்றுமுன் வெறும் குழாயைக் கையால் திருகி, எத்தனை புரி உள்ளே போகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போதுதான் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், ஆங்கிள் வால்வு, கனெக்ஷன் பைப் எல்லாம் வந்துவிட்டனவே, இன்னும் என்ன நுணுக்கம் என்று கேட்கலாம். கனெக்ஷன் பைப்பைப் பொறுத்தவரை அது சரி. அதன் முனையில் ரப்பர் வாஷர் இருக்கிறது, டேப்பே வேண்டாம், வீட்டுக்காரரே மாட்டிவிடலாம். ஆங்கிள் வால்வு மட்டும் சுவருக்குள்தான் இறங்குகிறது. அங்கே பிளாஸ்டிக் எல்போவுக்குள் பித்தளை மரை பதித்திருக்கும். பைப் ரிஞ்சைப் போட்டு முழுப் பலத்தையும் காட்டினால் பித்தளை கழன்று சுழலும், அல்லது பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். ஜி.ஐ.க்குப் பழகிய கை சி.பி.வி.சி.யில் பலத்தைக் குறைக்கக் கற்க வேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ. பிளம்பர் படிப்பு இதற்கு அடித்தளம் போடலாம். எங்கே நிறுத்துவது என்பது மூத்தவர் ஒருவரோடு நின்று செய்தால்தான் கைக்கு வருகிறது.

அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் வீட்டுக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி. பிளம்பர் வருமுன் தொட்டி வால்வு முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவையுங்கள். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து, குழாயை மூடியபடியே வைத்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள்.