பனடோலும் தடிமன் குளிசையும்

வீடு வீடாகச் செல்லும் என் வேலையில், காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கும் தாய்மாரை அடிக்கடி காண்கிறேன். "படுத்தால் ஆர் மிஸ் சமைக்கிறது?" என்பார்கள். ஒருநாள் அடுப்பைக் கணவர் பார்த்தால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல், மூக்கடைப்புக்குத் தடிமன் குளிசை என்று இரண்டையும் விழுங்குவார்கள். பனடோல் என்பது பரசிட்டமோல்தான். பல தடிமன் குளிசைகளிலும் அதுவே இருக்கிறது. வளர்ந்தவர்கள் 24 மணித்தியாலத்தில் எல்லாமாக 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மிஞ்சினால் ஈரல் பழுதடையும். முதல்நாளில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

கடையில் வெட்டித் தரும் துண்டில் பெரும்பாலும் பெயர் இருக்காது, கேட்டு எழுதுவியுங்கள். டெங்குச் சந்தேகம் இருந்தால் அஸ்பிரின், புரூபன் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால் இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சமையல் கிடக்கட்டும்.