சிவன் சொத்து: அரிட்டாபட்டி மலையும் அதைக் காத்த ஊரும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் எதிர்ப்படுவது யானைமலை. படுத்திருக்கும் யானையை ஒத்த அந்தக் குன்றின் அடிவாரத்தில், கி.பி. 770-ல் பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த கோயிலில் யோக நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அவரை வணங்கிவிட்டு மேற்கொண்டு பயணித்தால், நரசிங்கம்பட்டி அருகே ஒரு சாலை பிரிகிறது. கண்மாய்களையும் வயல்களையும் கடந்து அது சென்றடையும் சிற்றூரே அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர் இது.

இங்குள்ள மலைச்சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் ஒன்று உண்டு. முற்காலப் பாண்டியர் பணி இது. கோபுரமில்லை, திருச்சுற்றுமில்லை, சிறிய கருவறையில் சிவலிங்கமாக ஈசன் காட்சி தருகிறார். வாயிற்காவலர் இருமருங்கும் நிற்க, ஒருபுறம் விநாயகப் பெருமானும் மறுபுறம் லகுலீசரும் புடைப்புச் சிற்பங்களாக அமைந்துள்ளனர். லகுலீசர் பாசுபத நெறியின் ஆசானாகவும் சிவபெருமானின் அவதாரமாகவும் போற்றப்படுபவர். கையில் ஏந்திய தடியால் பெயர் பெற்ற இவரது திருவுருவம் தமிழகத்தில் மிக அரிதாகவே கிடைக்கிறது.

இதே ஊரின் மலைக்குகையில் சமண முனிவர் தங்கிய தளமும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டும், பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ளன. ‘இந்தக் குகையை இன்னார் கொடுப்பித்தார்’ என்பதே அக்கல்வெட்டின் சாரம். கொடுத்தவரின் பெயரைத்தான் இந்த மலை தன் மேனியில் தாங்கி நிற்கிறது. எடுத்தவரின் பெயரை அன்று.

மலை யாருக்கு உரியது?

இத்தகைய குன்றுகளை அரசுப் பதிவேடுகள் ‘புறம்போக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆயினும் ஊராருக்கு அது வேறு. மலையில் பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கிச் சுனையாக ஊறுகிறது. வழிந்தது கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் நீரால் நெல் விளைகிறது. விளைந்த நெல்லே பொங்கலாகிச் சாமிக்குப் படைக்கப்படுகிறது. இப்பகுதியில் 72 ஏரி குளங்களும் ஏறத்தாழ 200 இயற்கைச் சுனைகளும் இருப்பதாக அரசு கணக்கிட்டுள்ளது. சுமார் 250 வகைப் பறவைகளுக்கும், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு போன்ற உயிர்களுக்கும் இதுவே புகலிடம். பாறை முகடுகளில் லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன.

ஆனால் மலைக்கு அருகில் வாழ்வதால் மட்டும் ஒரு மலை தப்பிவிடுவதில்லை. இதே மேலூர் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கிரானைட் கற்களுக்காக அறுக்கப்பட்டுப் பள்ளங்களாகிவிட்டன. அவற்றின் அடிவாரத்திலும் மக்கள் வாழ்ந்தனர், வணங்கினர். அவர்கள் சொல்லுக்கு அன்று வலிமை இருக்கவில்லை. கல் எங்கோ சென்றது. வறண்ட கண்மாய் ஊரிலேயே தங்கியது.

அந்த வலிமைக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறு அறிவிப்பதால் அங்கு வாழ்பவரின் வழிபாடோ வழக்கமோ தடைபடுவதில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.42 ஹெக்டேர் பரப்பு, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று.

சபை கூடிய நாள்

சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மத்திய அரசிடம் ஒப்படைத்திருந்தது. அதன்படி 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் அண்டை ஊர்களையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. காக்கப்பட்ட பரப்பைப் போலப் பத்து மடங்கு நிலம்!

தொழிலுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் டங்ஸ்டன் தேவையான உலோகம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் தேவை நாட்டுக்கு, இழப்பு ஊருக்கு எனும்போது, ஊரைக் கேட்காமல் முடிவெடுக்கலாமா என்பதே எழுந்த வினா. நவம்பர் 23 அன்று கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்தனர். ஜனவரி 23-ல் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

‘சிவன் சொத்து குலநாசம்’ என்பர் பெரியோர். கோயில் நகையையும் நன்செய் நிலத்தையும் குறித்தே அதைச் சொல்வது நம் வழக்கம். ஈசன் வீற்றிருக்கும் பாறையும், அவன் திருமுடிக் கங்கையெனச் சுரக்கும் சுனையும் அச்சொத்தில் சேராவோ? அரிட்டாபட்டி மக்கள் சேரும் என்றனர். அவர்கள் மலையை உடைமையாகக் கோரவில்லை; காவல் உரிமையையே கோரினர். சொத்து சாமியுடையது, காவல் ஊருடையது என்பது நம் கோயில்கள் நெடுங்காலமாக அறிந்த முறைதானே!

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ளது இத்தலம். மணிவாசகர் அவதரித்த திருவாதவூரையும் அதே நாளில் தரிசிக்கலாம். குடைவரைக்குச் செல்லும் அன்பர்கள் உணவும் நீரும் உடன் கொண்டு செல்வது நலம். பாறையில் பெயர் கிறுக்காமலும், நெகிழிப் பையை விட்டுவராமலும் திரும்புவதே அங்குள்ள ஈசனுக்கு நாம் செலுத்தும் காணிக்கை.